டேப்பைப் பிரித்துப் பாருங்கள்

எங்கள் பக்கம் பொனற்றைத் திறந்தால் கறுப்பு டேப் சுற்றாத பழைய கார் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. கொரோலாவோ சன்னியோ லான்சரோ எதுவானாலும் சரி, எஞ்சினை ஒட்டிப் போகும் வயர்க் கட்டில் ஏதோ ஓரிடத்தில் ஒருவர் டேப் சுற்றியிருப்பார், சில வருடம் கழித்து அதற்கு மேல் இன்னொருவர் சுற்றியிருப்பார், எஞ்சின் சூட்டில் பசை உருகி தூசி பிடித்து அந்த இடமே ஒரு கட்டியாகிக் கிடக்கும். தொட்டால் கையில் ஒட்டும், மண்ணெண்ணெய் போட்டுத்தான் கழுவ வேண்டும். அந்தக் கட்டிக்குள் வயர் எப்படி இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. பிரிக்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 தொடக்கத்தில் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால் மாதச் சம்பளக்காரர் கிட்டப் போக முடியாத விலை. அதனால் 1990களில் ஜப்பானில் செய்த கார்கள்தான் இன்றைக்கும் மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் நடுவில் பிள்ளைகளைப் பள்ளிக்கும், பெரியவர்களைக் கிளினிக்குக்கும் கொண்டுபோகின்றன. என்னிடம் இருப்பது ஏஈ100 கொரோலா, 5ஏ-எஃப்ஈ எஞ்சின். எஞ்சினுக்கு ரிங், பெயாரிங், கேஸ்கட் எல்லாம் இன்னும் கிடைக்கிறது. ஆனால் அந்தக் காருக்கான வயர் ஹார்னஸை, அதாவது முழு வயர்க் கட்டை, புதிதாக வாங்க ஒரு கடையும் இல்லை, கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் உடைத்த காரில் கழற்றியதுதான் கிடைக்கும், அதுவும் இதே வயதுதான். ஆகவே இருக்கிற வயரைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

என் காரில் வந்த பிரச்சினையைச் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது சூட்டு ஊசி ஒழுங்காக நடுவில் நிற்கும். கல்முனை பஸாரில் நெரிசலில் நின்றால் மெல்ல ஏறும். திரும்ப ஓடத் தொடங்கி காற்றுப் பட்டதும் இறங்கிவிடும். கேட்டவர்கள் எல்லாம் ஒவ்வொன்று சொன்னார்கள்: ரேடியேற்றர் அடைப்பு, தண்ணீர்ப் பம்ப், தெர்மோஸ்டாட். ஒரு கராஜில் தெர்மோஸ்டாட்டை மாற்றியும் கொடுத்தார்கள். ஊசி பழையபடி ஏறியது. கடைசியில் காத்தான்குடியில் வாகன வயர் வேலை மட்டும் செய்யும் ஒரு நானாவிடம், அதாவது முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம், கொண்டுபோனேன். அவர் காருக்குள் ஏறவுமில்லை, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லவுமில்லை.

"தம்பி, சாவிய மட்டும் ஓன்ல வைங்க. நான் இந்த சொக்கட்டக் கழட்டுறன், ஃபேன் ஓடுதாண்டு பாருங்க."

ஓடவில்லை.

"அப்ப தெர்மோஸ்டாட்ல பிழையே இல்லையா நானா?"

"அதுல ஒண்டுமில்ல. வயர்லதான் வேல."

அவர் கழற்றியது ரேடியேற்றர் ஃபேனை இயக்கும் சூட்டு சுவிச்சின் சொக்கட். அந்தக் காலத்து டொயோட்டாவில் இந்த சுவிச் நாம் நினைப்பதற்கு நேர்மாறாக வேலை செய்யும். தண்ணீர் குளிராக இருக்கும்போது சுவிச் மூடியிருக்கும், அதன் வழியாக, ஃபேனுக்குப் போகும் மின்னைத் திறந்து மூடும் ரிலேயின் ஒரு பக்கம் எர்த்தாகும், அதாவது பற்றரியின் நெகட்டிவோடு சேரும், ரிலே இழுத்துப் பிடித்து ஃபேனை நிறுத்தி வைக்கும். தண்ணீர் 93 பாகை அளவில் சூடானதும் சுவிச் திறக்கும், எர்த் விடுபடும், ரிலே தளரும், ஃபேன் ஓடும். திரும்ப 83 பாகைக்குக் கீழே இறங்கினால் மூடி நிறுத்தும். ஏன் இப்படிச் செய்தார்கள் என்றால் வயர் அறுந்துபோனாலோ சொக்கட் கழன்றாலோ ஃபேன் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், எஞ்சின் தப்பிவிடும். நல்ல யோசனை, எனக்கு மிகவும் பிடித்த யோசனையும் கூட. ஆனால் அந்த வயர் அறுபடாமல் அதன் தோல் மட்டும் தேய்ந்து செம்பு காரின் இரும்பு உடலான பொடியில் பட்டுவிட்டால் ரிலேக்கு அது எர்த் கிடைத்த மாதிரித்தான், சுவிச் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான், எஞ்சின் கொதித்தாலும் ஃபேன் அசையாது. அறுந்த வயருக்குப் பாதுகாப்பு இருக்கிறது, தோல் தேய்ந்த வயருக்கு இல்லை. சூட்டு சுவிச்சின் சொக்கட்டைக் கழற்றி சாவியை ஓனில் வைத்தால் ஃபேன் உடனே ஓட வேண்டும். இந்த வகைக் கொரோலா வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை செய்து பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிடம் கூட ஆகாது.

நானா அடுத்துச் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாவியை அணைத்து, ரிலேயைப் பிடுங்கினார், இல்லாவிட்டால் ரிலேயின் சுருள் வழியாக மீற்றர் வேறு பாதையைக் காட்டி ஏமாற்றும். மல்டிமீற்றரை, இரண்டு முனைக்கும் தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வைத்து ஒரு முனையைச் சொக்கட்டின் வயர்ப் பக்கத்திலும் மற்றதைப் பொடியிலும் பிடித்தார். பீப் என்று நிற்காமல் கத்தியது. அதைக் கத்தவிட்டபடியே மற்றக் கையால் ஹார்னஸைச் சொக்கட்டிலிருந்து தொடங்கிச் சாண் சாணாகப் பிடித்து மெதுவாக அசைத்துக்கொண்டு போனார். பற்றரித் தட்டுக்குக் கீழே வந்ததும் சத்தம் விட்டு விட்டு வந்தது.

அந்த இடத்திலும் டேப் இருந்தது. வெட்டிப் பிரித்தோம். உள்ளே பழைய டேப், அதற்குள் கொம்பனி டேப், அதற்குள் வயர்கள். ஹார்னஸைத் தட்டோடு பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப் எப்போதோ உடைந்திருக்கிறது. பிடி விட்டதும் மொத்தக் கட்டும் தகட்டின் விளிம்பில் சாய்ந்து, எஞ்சினின் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் அதிலேயே உரசியிருக்கிறது. ஒரு வயரில் நெல்மணி நீளத்துக்குத் தோலே இல்லை, செம்பு நூல்கள் பளபளப்பாகத் தட்டையாகி இருந்தன, தகட்டின் விளிம்பிலும் அதே அளவுக்குப் பெயின்ற் போய் மினுங்கியது. பக்கத்து இரண்டு வயர்களில் தோல் பாதி தேய்ந்திருந்தது. முன்பு டேப் சுற்றியவர் வயரைச் சுற்றினாரே தவிர கிளிப்பைக் கவனிக்கவில்லை. அதனால் டேப்பும் அதே விளிம்பில் அதே மாதிரித் தேய்ந்தது.

வயர் தோல் ஏன் போகிறது என்று கேட்டால் காரணம் ஒன்றல்ல. உரசலை மேலே சொல்லிவிட்டேன். மற்றது சூடு. வயர் தோல் பெரும்பாலும் பிவிசி. பிவிசி தன்னளவில் விறைப்பான பொருள், வளையும்படி இருப்பதற்காக அதற்குள் மென்மையாக்கும் எண்ணெய் மாதிரி ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். வருடக்கணக்கில் எஞ்சின் சூடு படப் பட அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். மறுகா தோல் விறைக்கும், நிறம் மங்கும், ஒருநாள் யாராவது சொக்கட்டைக் கழற்ற வயரை வளைத்தால் பொரித்த அப்பளம் போல நொறுங்கும். எக்ஸோஸ்ட் பக்கமாகப் போகும் வயர்களில் இது சீக்கிரம் வரும். சொக்கட்டுக்குள் நுழைகிற இடத்தில், டேப் முடிந்து வயர்கள் தனித்தனியாகப் பிரிகிற அந்த இரண்டு மூன்று அங்குலத்தில்தான் அதிகம் பார்க்கலாம். 1990களின் முற்பகுதியில் வந்த சில பென்ஸ் மாடல்களிலும் எஞ்சின் வயர்களின் தோல் சில வருடங்களிலேயே உதிர்ந்தது வாகன வேலைக்காரர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வயர் தோலுக்கு விலையோடு தொடர்பில்லை, எந்தப் பொருளால் செய்தார்கள், எவ்வளவு சூடு பட்டது என்பதோடுதான் தொடர்பு.

அப்புறம் எங்கள் ஊர் உப்பு. எழுவான்கரையில் இருப்பவருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மாரியில் வாடைக்காற்று கடலிலிருந்து நேரே வந்து முற்றத்தில் நிற்கும் காருக்குள் புகும். தோலில் ஒரு சின்ன வெடிப்பு போதும், உப்பு ஈரம் உள்ளே போய்விடும், போனது அங்கேயே நிற்காது, செம்பு நூல்களுக்கு இடையில் ஊறி ஊறி மேலே ஏறும். வெளியே பார்த்தால் தோல் நன்றாகத்தான் இருக்கும், வெட்டிப் பார்த்தால் செம்பு கறுத்தோ பச்சைக் களிம்பு பிடித்தோ இருக்கும். 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தில் அம்பாறை, மட்டக்களப்பு இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ வாகனம் தண்ணீரில் நின்றது. எஞ்சின் எண்ணெய் மாற்றி, சீற் காயவைத்து ஓட்டுகிறார்கள். அந்தக் கார்களின் தாழ்வான சொக்கட்டுகளையும் எர்த் போல்ட்டுகளையும் இன்னும் யாரும் திறந்து பார்க்காவிட்டால் தயவுசெய்து திறந்து பாருங்கள், கறள் நாள் பார்த்து நிற்காது.

வாவிக்கு மேற்கே, வயல் பக்கமான படுவான்கரையில் இருப்பவர்களுக்கு எலியும் ஒரு காரணம். வெள்ளாமை வெட்டி முடிந்தபின் வயலில் இருந்த எலி வீட்டுப் பக்கம் வரும். இரவு சூடாக இருக்கும் எஞ்சின் அதற்கு நல்ல படுக்கை, வைக்கோலைக் கொண்டுவந்து கூடும் கட்டும், வயரையும் கடிக்கும். எலி கடித்ததைத் தனியாகக் கண்டுபிடிக்கலாம்: தோல் சின்னச் சின்னப் பல் தடத்தோடு வரிசையாகப் போயிருக்கும், கீழே கறுப்பும் நீலமுமாகத் துகள் கிடக்கும், செம்பை விட்டுத் தோலை மட்டும் தின்றிருக்கும். உரசலில் ஓரிடம்தான் போகும், எலி வந்தால் கட்டு முழுக்கத் தேட வேண்டும்.

இனி வேலை. முதலில் பற்றரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், பொசிட்டிவை அல்ல. பொசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பானர் தவறிப் பொடியில் பட்டால் பற்றரி முழுக்க ஷோர்ட்டாகும். நெகட்டிவ் கழன்றுவிட்டால் பொடியில் எங்கே பட்டாலும் ஒன்றும் நடக்காது.

மேல்தோல் மட்டும் தேய்ந்து செம்பு நூல் ஒன்றும் அறுபடாமல், கறுக்காமல் இருந்தால் வயரை வெட்டத் தேவையில்லை. ஈரம், எண்ணெய் எல்லாம் துடைத்து, தனக்குத் தானே ஒட்டும் சிலிக்கோன் டேப்பை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்றினால் சிறிது நேரத்தில் அது ஒரே ரப்பராகிவிடும். அதில் பசை கிடையாது, அதனால் உருகி வழியவும் மாட்டாது, சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஆனால் உரசலுக்கு அது ஆகாது, கத்தி பட்டால் சட்டென்று கிழியும், ஆகவே அதற்கு மேல் கட்டாயம் ஒரு உறை வேண்டும். சாதாரணக் கறுப்பு டேப்பை எஞ்சின் பக்கம் நான் எங்கேயும் பாவிப்பதில்லை. ஹார்னஸ் சுற்றுவதற்கென்றே துணி டேப் இருக்கிறது, எஞ்சின் பக்கத்துக்கான வகை 150 பாகை வரை தாங்கும். வாங்கும்போது எவ்வளவு சூடு தாங்கும் என்று பெட்டியில் பாருங்கள், காருக்குள் பாவிக்கிற மெல்லிய வகையும் பார்வைக்கு ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும்.

செம்பு கறுத்திருந்தால் கதை வேறு. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது, அமுக்கிப் பிடிக்கும் கிரிம்பும் நல்ல தொடர்பு தராது. வெட்டிக்கொண்டே பின்னால் போக வேண்டும், தோலை உரித்தால் செம்பு செம்பாகத் தெரியும் வரை. சில நேரம் ஒரு முழம் போகும். மனசு வராது, ஆனாலும் போக வேண்டும். பிறகு அதே தடிப்பில், முடிந்தால் அதே நிறத்தில் ஒரு துண்டு வயர் வைத்து இணைக்கலாம். பழைய ஹார்னஸ் ஒன்றை வாங்கி வைத்தால் இதற்கு உதவும், உள்பக்கம், டாஷ்போர்டுக்குக் கீழே போகும் பகுதியில் வயர் பெரும்பாலும் புதிது மாதிரியே இருக்கும், நிறமும் பொருந்தும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1/1.13 வயரைக் காரில் போடுகிறார்கள், அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அது ஒற்றைக் கம்பி, எஞ்சின் நடுக்கத்தில் முறிந்துவிடும். அதன் தோலும் 70 பாகைக்குச் செய்தது. மெல்லிய வயர் போடுவது இன்னும் மோசம், பியூஸ் போவதற்கு முன்னே வயர் சூடாகிப் புகையும்.

இணைப்பில் ஈயமா கிரிம்பா என்று வயர் வேலைக்காரரிடையே பெரிய வாக்குவாதம் உண்டு. கார் செய்கிற கொம்பனிகள் பெரும்பாலும் கிரிம்ப்தான். ஈயம் வைத்தால் அது செம்பு நூல்களுக்குள் ஊறி அந்த இடத்தை விறைக்கச் செய்யும், விறைப்பு முடிகிற இடத்தில் வயர் வளைந்து வளைந்து முறியும். ஆனால் நல்ல கிரிம்ப் பண்ண அதற்குரிய டூல் வேண்டும், பிளையரால் நசுக்கியதைக் கிரிம்ப் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்தில் சரியான டூல் வைத்திருப்பவர் குறைவு, ஈயம் நன்றாக வைக்கத் தெரிந்தவர் பலர். அதனால் ஈயமே வையுங்கள், ரோசின் உள்ள ஈயக்கம்பியால், அமிலப் பசை வேண்டாம், அது பின்னர் செம்பையே தின்றுவிடும். இணைத்த இடத்தின் இரண்டு பக்கமும் கட்டோடு சேர்த்துக் கட்டி அசையாமல் வைத்துவிட்டால் ஈயமும் காலம் தாங்கும். ஒரே கட்டில் பல வயர் வெட்டுப்பட்டிருந்தால் எல்லா இணைப்பையும் ஒரே இடத்தில் போடாமல் முன்பின்னாகப் போடுங்கள்.

இணைப்பின் மேல் சூடு காட்டினால் சுருங்கும் குழாய் போடுவது எல்லோருக்கும் தெரியும். உள்ளே பசை பூசிய வகை தனியாகக் கிடைக்கும், சுருங்கும்போது பசை உருகி இரண்டு ஓரத்திலும் மெல்லிய வளையமாக வெளியே வரும், அதைப் பார்த்தால்தான் ஈரம் போகாதபடி அடைபட்டது என்று நம்பலாம். எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு அந்த வகைதான். லைற்றரால் சூடு காட்டுபவர்கள் பெற்றோல் குழாய் எங்கே போகிறது, பற்றரி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காட்டுங்கள்.

கடைசியாக உறை. நெளிவு நெளிவான கறுப்புக் குழாய் கடையில் கிடைக்கும், நீளவாக்கில் பிளந்திருக்கும். பிளவு கீழ்ப்பக்கம் பார்க்கும்படி போட்டால் உள்ளே போன தண்ணீர் வடிந்துவிடும். எக்ஸோஸ்ட் பக்கம் மலிவான வகை இளகிவிடும், அங்கே கண்ணாடி நார் உறை போட வேண்டும். பிறகு உடைந்த கிளிப்புக்குப் புதுக் கிளிப், தகட்டு விளிம்புக்கு ஒரு ரப்பர் ஓரம். என் காரில் இந்தக் கிளிப்பும் ரப்பரும்தான் உண்மையான திருத்தம், மற்ற வேலை எல்லாம் அது வரும்வரை நடந்த சேதத்தைச் சரிசெய்தது.

எர்த் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்பு வயர் என்றால் எர்த் என்று நினைத்துப் பலர் டொயோட்டாவில் கை வைக்கிறார்கள். டொயோட்டாவில் வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டதுதான் எர்த், சென்சர்களுக்கு மண்ணிறமும் வரும். கறுப்பு வயரில் பற்றரியின் பொசிட்டிவ் ஓடும் இடங்கள் நிறைய உண்டு. அதைப் பொடியில் பிடித்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை.

எர்த் நல்லதா என்று ஓம் அளவில் பார்த்தால் பாதி உண்மைதான் தெரியும். நூறு நூலில் ஒரு நூல் மிஞ்சியிருந்தாலும் மீற்றர் சைபருக்குப் பக்கத்தில்தான் காட்டும். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி லைற், ஃபேன் எல்லாம் ஓடவிட்டு, எஞ்சின் தொகுதியிலிருந்து பற்றரி நெகட்டிவ் வரை வோல்ட் அளந்து பாருங்கள். 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அதற்கு மேலே ஏறினால் போல்ட்டைக் கழற்றி, கறளைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்தபின் பூட்டி, மேலே கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள்.

பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது, எந்த இடம் என்று தெரியவில்லை என்பவர்களுக்கு நானா சொல்லித்தந்த ஒன்று. சிக்னல் லைற்றில் போடும் 21 வாட் பல்பை எடுத்து அதன் இரண்டு முனையையும் போன பியூஸின் இடத்தில் செருகுங்கள். அந்தப் பாதையில் உள்ள லைற், மோட்டார் எல்லாவற்றையும் முதலில் அணைத்துவிட வேண்டும். ஷோர்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், இரண்டு அம்பியருக்கு மேல் ஓடாது, அதனால் வயர் எரியாது. அப்படியே எரியவிட்டு ஹார்னஸைச் சாண் சாணாக அசைத்துப் போனால் பல்ப் மினுங்குகிற இடம்தான் நோய். பெட்டி பெட்டியாகப் பியூஸ் வாங்கிப் போடுவதை விட, பியூஸுக்குப் பதில் செம்பு நூல் சுற்றுவதை விட, எவ்வளவோ நல்லது.

இந்த வேலைக்குக் கூலி கொடுக்கும்போது நாம் கஞ்சத்தனம் பண்ணுகிறோம் என்று எனக்கு வருத்தம் உண்டு. எஞ்சின் இறக்கி ஏற்றினால் பணம் கொடுக்கிறோம், கண்ணுக்குத் தெரிகிறது. ஒருவர் பின்னேரம் முழுக்கக் குனிந்து நின்று டேப் பிரித்து, ஒவ்வொரு வயராகத் துடைத்து, வெட்டி, இணைத்து, சுற்றிக் கொடுத்தால் "சாமான் ஒன்றும் மாத்தலையே" என்கிறோம். அதனால்தான் வேலைக்காரரும் மேலே ஒரு சுற்று டேப் போட்டு அனுப்புகிறார்கள், நாம் கொடுக்கும் காசுக்கு அதுதான் கட்டும். நேரத்துக்குப் பணம் தருகிறேன், பிரித்துச் செய்யுங்கள் என்று முன்கூட்டியே சொன்னால் நல்ல வேலைக்காரர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

என் காரில் இன்னும் ஒரு பகுதி மிச்சம் இருக்கிறது. தண்ணீர்ச் சூட்டு சென்சருக்குப் போகும் இரண்டு வயரும் சொக்கட்டுக்குப் பக்கத்தில் விறைத்துவிட்டன. செக் எஞ்சின் லைற் ஒருநாள் எரிந்து அணைந்தது. பொனற்றுக்குள் இருக்கும் சோதனைப் பெட்டியில் டிஈ1, ஈ1 இரண்டையும் ஒரு வயரால் இணைத்து சாவியை ஓனில் வைத்ததும் லைற் இரண்டு தரம் மினுங்கி, நின்று, திரும்ப இரண்டு தரம் மினுங்கியது. 22, அதாவது அந்த சென்சரின் பாதை. சென்சர் நல்லது, 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் இருக்க வேண்டும், எஞ்சின் சூடாகச் சூடாக ஒழுங்காகத்தான் இறங்குகிறது. வயரை அசைத்தால் மட்டும் எண் குதிக்கிறது. பழைய ஹார்னஸிலிருந்து சொக்கட்டோடு சேர்த்து ஒரு துண்டு வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன், செம்பு சுத்தமாக இருக்கிறது. மாரி தொடங்குவதற்கு முன்னர் நானாவிடம் கொண்டுபோய், அந்தப் பக்கத்து டேப் முழுவதையும் பிரித்துவிட்டுத்தான் அதைப் போடப் போகிறோம்.